குமிழ் எங்களுடையது

மான்கள் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம்.
கோட்டையடியிலிருந்து இறங்கி வந்து
சந்தைக் குப்பையில் பொலித்தீன் தின்று சாகும் மான்கள்.
பிறகு மீன்சந்தை வடிகால்.
ஒன்பதாவது விடயம் எடுக்கப்பட்டபோது
தேநீரில் ஆடை படர்ந்திருந்தது.

நான் கூட்டக் குறிப்பு எடுப்பவள்.
எனக்கு வாக்கில்லை.
'விவாதிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள்
எந்தச் சண்டையையும் மடித்து வைக்கப் பழகியவள்.

முன்மொழிந்தவர் அமலதாஸ், பாலையூற்று:
"கொழும்பில் போட்ட சட்டம்
எங்கட விளக்குக் கம்பத்தில் கண் பூட்டச் சொல்லுது.
நூலகத்தில் ஆர் என்ன புத்தகம் எடுத்தது எண்டு
வாயால் கேக்குது, கடிதத்தில் கேக்குதில்லை.
நீதிமன்றக் கட்டளை இல்லாமல்
சபையின் ஒரு பதிவேடும் படி தாண்டக்கூடாது."

வழிமொழிந்தவர் ஹிதாயா சலாகுதீன்.
பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார்,
போகிற பஸ்ஸை மறிப்பதுபோல.

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.
"கம்பம் மின்சார சபையுடையது.
வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது.
கடற்கரைக்குத் தனித் திணைக்களம் இருக்கிறது.
எங்களுடையது குமிழ் மட்டும்."

"அப்ப இருட்டு ஆர்ட?"
கேட்டவர் விஜேமான்ன,
கூட்டங்களில் குந்தியிருந்தே கற்ற தமிழில்.
அதற்குச் செயலாளரிடம் சுற்றறிக்கை இல்லை.

பேனையை வைத்துவிட்டு விரல் சொடுக்கினேன்.
எனக்குப் பதினொரு வயதில்
வீட்டுக்கு வந்து படம் எடுத்தார்கள்.
அப்பா, அம்மா, நாங்கள் மூவர்,
நெஞ்சுக்கு நேரே இலக்கம் எழுதிய பலகை.
ஐந்து பேரும் சேர்ந்து நின்ற ஒரே படம் அது.
எங்களிடம் பிரதி இல்லை.
(இது குறிப்பில் இல்லை.)

ஆதரவு பதினொன்று. எதிர் எட்டு.
ஒருவர் ஒலிக்காத தொலைபேசியைக்
காதில் வைத்தபடி வெளியே போனார்.
தீர்மானம் பதினேழை மூன்று மொழியில் தட்டினேன்.
சிங்களத்தில் 'உரிமை'க்கு ஓரெழுத்துப் பிழை;
திருத்தி முடிக்க இரவு ஏழு.

இருபத்தாறாம் நாள் பதில்:
இவ்விடயம் தங்கள் சபையின் அதிகாரத்துக்கு
அப்பாற்பட்டதென அறியத்தருகிறேன்.
அதே கிழமை ஏணி வந்தது,
இரண்டு பொடியன்கள், ஒரு பெட்டி.
வெயில். தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தோம்.

நூலகர் கனகேஸ்வரி மட்டும்
தீர்மானத்தின் பிரதியொன்றை
அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார்.
திரும்பிவரும் ஒவ்வொரு புத்தக அட்டையிலும்
வாசித்தவர் பெயரின் மேல் கறுப்பு மை.
ஒருநாள் இஸ்திரி குலையாத சேட்டோடு ஒருவர்.
"எழுத்தில் தாங்கோ" என்றாராம் இவர்.
வந்தவர் அலுமாரிக் கதவுக்கு முன்னால்
நின்று நின்று வாசித்தாராம், கடைசி வரி வரைக்கும்,
இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனாராம்.
பதினான்கு வருட உத்தியோகத்தில்
என் தட்டச்சை முழுதாய் வாசித்த முதல் ஆள்.

போன மாதம் அந்தக் கம்பத்துக் குமிழ் எரிந்துபோனது.
முறைப்பாடு என் மேசைக்கு வந்தது.
அதற்கு முன் இருநூற்றுப் பன்னிரண்டு முறைப்பாடுகள்.
ஒழுங்கு ஒழுங்குதானே என்று
அடியில் செருகினேன். கை கொஞ்சம் இனித்தது.
ஒன்பது நாள்.

பத்தாம் நாள் ஹிதாயா அழைத்தார்:
"ரியூசன் விட்டு வாற பிள்ளையள் அந்தச் சந்தியாலதான்.
இருட்டு, பிள்ளை."

கோவையை உருவி மேலே வைத்தேன்.
மாலையே குமிழ் மாட்டினார்கள்.

எட்டு மணிக்கு அந்த வழியாகத்தான் நானும் போனேன்.
நிமிர்ந்து பார்க்கக்கூடாதென்று நினைத்து
நிமிர்ந்து பார்த்தேன்.
எங்கள் வெளிச்சத்தில், அவர்கள் கண்ணுக்கு நேர் கீழே
ஒரு புள்ளிமான்
பொலித்தீனை அவசரமில்லாமல் மென்றது.
பிடுங்கப் போனேன்.
அதுவும் பதிவாகியிருக்கும்.